கடலோரம் கேட்ட மெட்டு

குழந்தைகளே! மாமல்லபுரம் கடற்கரையிலிருந்து வடக்கே கரையோரமாகவே போனால் சென்னை புனித ஜார்ஜ் கோட்டை வரும். இருநூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே ஆங்கிலேயரின் பேண்டு வாத்தியம் முழங்கும். அதை ஆவலுடன் கேட்ட இளைஞர் ஒருவர், பின்னாளில் கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரானார். அவர்தான் முத்துஸ்வாமி தீட்சிதர்.

அவர் 1775ம் ஆண்டு திருவாரூரில் பிறந்தார். தந்தை ராமஸ்வாமி தீட்சிதர், ஹம்சத்வனி ராகத்தை உருவாக்கியவர். பிறகு குடும்பம் சென்னைக்கு அருகிலுள்ள மணலிக்குக் குடிபெயர்ந்தது. அங்கு கேட்ட பேண்டு இசையை, அந்நியர் சங்கதி என்று அவர் ஒதுக்கவில்லை. அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் தெய்வப் பாடல்கள் எழுதினார். சுமார் 40 பாடல்கள் கொண்ட அவையே நோட்டுஸ்வரங்கள். இங்கிலாந்து அரச வாழ்த்தின் மெட்டும் அதில் உண்டு! அவருடைய தம்பி பாலுஸ்வாமியோ, வயலினையே நம் இசைக்குக் கொண்டு வந்துவிட்டார்.

அடுத்து, சிதம்பரநாத யோகி என்ற குருவுடன் முத்துஸ்வாமி காசிக்குச் சென்றார். தேவி வழிபாட்டு முறையையும், வடநாட்டு இசையையும் அங்கே அறிந்தார். திரும்பி வந்து திருத்தணியில் முருகன்மீது பாடினார். அன்று முதல் 'குருகுஹ' என்பதே அவர் பாடல்களின் முத்திரை.

செங்கல்பட்டிலிருந்து ரயிலில் போகிறோமே, அந்தக் காஞ்சிபுரத்திலும் அவர் தங்கியிருந்தார். நிலம், நீர், நெருப்பு, காற்று, ஆகாயம் என்னும் ஐம்பூதத் தலங்களைப் பாடினார். அவற்றில் காஞ்சிபுரம் நிலத்துக்கு உரியது. துள்ளி ஓடிய நோட்டுஸ்வரம் எங்கே, ஆழ்ந்த தியானம்போல் நிதானமாக நகரும் இந்தக் கீர்த்தனைகள் எங்கே! வீணை வாசிப்பவர் அல்லவா? ஒவ்வொரு ஸ்வரத்தையும் இழைத்து இழைத்து அமைத்தார்.

1835ம் ஆண்டு தீபாவளியன்று எட்டயபுரத்தில் அவர் மறைந்தார். பாடல்கள் குருவிடமிருந்து சீடருக்கு வாய்மொழியாகவே போய்க்கொண்டிருந்த காலம் அது. பாடுபவர் மறந்தால் பாட்டும் போய்விடும். அவர் குடும்பத்தில் வந்த சுப்பராம தீட்சிதர், கிடைத்த பாடல்களை எல்லாம் ஸ்வரத்துடன் எழுதி 1904ல் பெரிய நூலாக வெளியிட்டார். அதனால் அவை பிழைத்தன.

அவருடைய 'வாதாபி கணபதிம்' பாடலைக் கேட்டிருப்பீர்கள். அது தந்தை தந்த ஹம்சத்வனியில் அமைந்தது. அந்த வாதாபி நகரை வென்றவர் யார் தெரியுமா? உங்கள் மாமல்லபுரத்துக்குப் பெயர் தந்த மாமல்லன் நரசிம்மவர்மன்தான்!

இந்த வாரம் ஒரு நோட்டுஸ்வரத்தையும், அடுத்து 'வாதாபி கணபதிம்' பாடலையும் கேளுங்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று உங்கள் பாட்டு டீச்சரிடம் சொல்லிப் பாருங்கள்.