அடைக்கலம் தந்த அம்மையார்



நம் விருத்தாசலத்துப் பீங்கான் வேலையை அறியாதவர் நம்மில் யார்? மண் ஈரமாயிருக்கையில் பதிந்த விரலின் தடம், சூளையில் வெந்து வந்த பின்னும் அழியாது. பிள்ளைகளின் உள்ளமும் அத்தகையதே. வீட்டில் அவர்கள் கண்ட அன்பும், கேட்ட சுடுசொல்லும் ஆயுள் முழுதும் உடன் வரும். இதற்குச் சான்றாக டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் வாழ்க்கையைச் சற்றுக் கேளுங்கள்.

அம்மையார் 1886-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி புதுக்கோட்டையில் பிறந்தார். தாயார் சந்திரம்மாள், அந்நாளில் பலர் இழிவாகப் பேசிய தேவதாசி குலத்தவர். அவரைத் துணைவியாக ஏற்றதற்காகத் தகப்பனார் நாராயணசாமி ஐயரை உறவினர் ஒதுக்கி வைத்தனர். ஆனால் ஒதுக்கப்பட்ட அந்த வீட்டில் மகளுக்கு அன்பு குறையவில்லை. வயது வந்த பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுவது அக்கால வழக்கம். தகப்பனாரோ மகளை வீட்டிலிருந்தே மேலும் படிக்க வைத்தார். பையன்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் அவர் சேர முயன்றபோது எதிர்ப்பு எழுந்தது. புதுக்கோட்டை மன்னர் அனுமதி தந்தார். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-ல் டாக்டரானார்.

தகப்பனாரிடம் மதிப்புப் பெற்று வளர்ந்த மகள், கணவரிடமும் அதையே எதிர்பார்த்தார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணக்குமுன், தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் நல்ல நோக்கங்களைத் தடுக்கலாகாது என்று வாக்குறுதி கேட்டார். அவரும் இசைந்தார். இரு பிள்ளைகளுக்குத் தாயான அம்மையார், 1927-ல் சென்னை சட்டசபையின் துணைத் தலைவரானார். கோயில்களில் சிறுமிகளுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அங்கே போராடினார்.

1930-ல் ஒருநாள், தேவதாசி குலத்துப் பெண்கள் மூவர் புகலிடம் தேடி அவர் வீட்டு வாசலுக்கு வந்தனர். விடுதிகளில் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அம்மையார் என்ன செய்தார்? தம் வீட்டிலேயே தங்க வைத்தார். அதிலிருந்து பிறந்ததே ஔவை இல்லம். சென்னை அடையாற்றில் அது இன்றும் நடைபெறுகிறது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தையும் அவர் வீணாக்கவில்லை. அவர் முயற்சியால் 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கிற்று. 1968 ஜூலை 22-ல் அவர் காலமானார்.

மண்ணுக்கு இல்லாத ஒரு பாக்கியம் மனிதனுக்கு உண்டு என்பதை ஔவை இல்லம் காட்டுகிறது. வெந்த மண்ணை மீண்டும் பிசைய முடியாது. அன்பற்றுப் போன பிள்ளையோ, வேறொருவர் அன்பால் மீண்டும் மலரக்கூடும். 1951-ல் உலக சுகாதார நிறுவனத்துக்காக ஜான் பவுல்பி என்னும் ஆங்கில மருத்துவர் எழுதிய அறிக்கையும் இதையொட்டியதே: பெற்ற தாயிடமோ, தாய்போல் நிலையாக நின்று வளர்ப்பவரிடமோ கிடைக்கும் இடையறாத அன்புறவு குழந்தையின் மனநலத்துக்கு அவசியம்.

ஆகவே, தகப்பன்மாரே, உங்கள் மகளின் படிப்பை மதித்துக் கேளுங்கள். கணவன் மனைவியரே, ஒருவரையொருவர் பிள்ளைகள் முன் தாழ்த்திப் பேசாதீர்கள். அவர்கள் நாளை கட்டப்போகும் வீட்டுக்கு உங்கள் வீடே அச்சு. தாயோ தகப்பனோ இல்லாத பிள்ளை ஒன்று உங்கள் தெருவில் இருக்குமானால், அதைப் பெயர் சொல்லி அழைத்து, உங்கள் பிள்ளைகளோடு ஒரு வேளை உட்கார வையுங்கள். ஒரு வாசற்கதவு திறந்ததால்தான் அந்த மூவருக்கும் வாழ்வு கிடைத்தது.