குமாஸ்தா ராமானுஜனின் 13 இலக்க எண்

1887-இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை ராமானுஜன், எஃப்.ஏ. தேர்வில் தோற்று, 1910-இல் வேலை கேட்டுத் திருக்கோவிலூர் வந்தார். நம் வடலூரும் அன்று அதே தென்னாற்காடு மாவட்டம்தான். துணை கலெக்டர் ராமசாமி ஐயர் அவருடைய நோட்டைப் பார்த்து, சென்னைக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுத்தார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா, 1914-இல் கேம்பிரிட்ஜ்.

தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும்விட அதிக வகுத்திகள் உள்ள எண்களை 1915-இல் ஆராய்ந்தார். 12 அப்படிப்பட்டது, அதற்கு ஆறு வகுத்திகள். அவர் பட்டியலின் கடைசி எண் 67,46,32,83,88,800. இதை மீதியின்றி வகுக்கும் எண்கள் 10,080! கால்குலேட்டர் இல்லாத காலத்தில் போட்ட அந்தப் பட்டியலில் ஒரே ஓர் எண்தான் விடுபட்டது.

நோயுற்றுத் திரும்பியவர் 1920 ஏப்ரல் 26 அன்று, 32 வயதில் மறைந்தார்.

பட்டியலில் 12-க்கு அடுத்த எண் எது? நம் குடியிருப்புப் பிள்ளைகள் கண்டுபிடிக்கட்டும்.