தாதியருக்கு வகுப்பெடுத்த ஃபனோன்

ஃபிரான்ஸ் ஃபனோனை நாங்கள் பெரும்பாலும் விடுதலை எழுத்தாளராகவே அறிவோம். என்னை இழுப்பது அவரது உளநல வைத்தியசாலைக் காலம்.

1925இல் மார்ட்டினிக் தீவில் பிறந்தவர், 1953இல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த அல்ஜீரியாவின் பிளிடா வைத்தியசாலையில் பொறுப்பேற்றார். காவலாளிகள் போலப் பழகியிருந்த தாதியருக்கு வகுப்பெடுத்தார்; கூட்டங்களில் நோயாளரோடு இருத்தினார். முஸ்லிம் ஆண்கள் விடுதியில் ஐரோப்பிய முறை தோற்றது. பிழை தன் முறையிலேயே என்று வெளிப்படையாக எழுதினார். மேலதிகாரிகள் இப்படி எழுதுவது அரிது. பிறகு அங்கே கோப்பிக்கடை வந்தது, பெருநாட்கள் வந்தன.

1954இல் போர். வதைபட்டவர்களும் வதைத்த பொலிஸாரும் அவரிடமே சிகிச்சைக்கு வந்தார்கள். போருக்குள் வளர்ந்த எனக்கு இந்த இடத்தை இலேசாகக் கடக்க முடியவில்லை.

1956இல் பதவி துறந்தார். 1961 டிசம்பரில், 36 வயதில், இரத்தப் புற்றுநோயால் இறந்தார். அல்ஜீரியா விடுதலையாக இன்னும் ஏழு மாதங்கள் இருந்தன.