பெலிச்சே பியாட்டோ

ஓவியன் கை பிழைபடலாம், ஒளி பிழைபடாது. நிழற்படக் கருவி தோன்றிய காலத்து மக்கள் இங்ஙனமே நம்பினர். அந்நம்பிக்கை வெள்ளைப் பேரரசிற்குத் துணையாய் நின்ற வரலாற்றைப் பெலிச்சே பியாட்டோவின் வாழ்க்கையிற் காணலாம்.

இவர் 1832 இல் இத்தாலி நாட்டு வெனிசு நகரில் பிறந்தார். தம் உடன்பிறந்தாளை மணந்த சேம்சு இராபர்ட்சன் என்பாருடன் கூடி, 1855 இல் கிரிமியப் போர்க்களத்தைப் படம் எடுத்தார்.

1857 இல் வட இந்தியாவில் கும்பினி ஆட்சியை எதிர்த்துப் பெருங்கிளர்ச்சி மூண்டது. மறு ஆண்டு பிப்ரவரித் திங்களில் பியாட்டோ கல்கத்தாவில் வந்திறங்கி, இலக்னோவை அடைந்தார். அந்நகரில் சிக்கந்தர் பாக் என்னும் மதில் சூழ்ந்த தோட்ட மாளிகை ஒன்று உண்டு. 1857 நவம்பரில் அதனுள் ஏறத்தாழ 2,000 சிப்பாய்கள் கொல்லப்பட்டனர். பியாட்டோ சென்றபோது திங்கள் பல கழிந்திருந்தன. ஆயினும் அவர் எடுத்த படத்தில், சிதைந்த மாளிகையின் முன் மண்டையோடுகளும் எலும்புகளும் பரந்து கிடக்கின்றன. மூடப்பட்டிருந்த உடல்களைப் படத்தின் பொருட்டு அவர் மீண்டும் வெளிப்படுத்தச் செய்தார் என்று ஆங்கில அதிகாரியாகிய சார்ச்சு கேம்பெல் தம் நினைவுக் குறிப்பில் எழுதியுள்ளார். அப்படத்தை இலண்டனிற் கண்டோர் இச்செய்தியை எங்ஙனம் அறிவர்?

அக்காலக் கருவியில் ஓடுவார் உருவம் தெளிவுறப் படியாது. அசையாது கிடப்பார் உருவமே படியும். ஆதலின் போரினைப் படம் எடுத்தல் இயலவில்லை. போரின் முடிவையே எடுக்க இயன்றது. அம்முடிவும் வென்றார் விரும்பிய முடிவேயாம். தூக்கிலிடப்பட்ட சிப்பாய்களையும் பியாட்டோ படம் எடுத்தார். மாண்ட ஆங்கிலேயரையோ எடுத்தாரல்லர்.

1860 இல் ஆங்கிலப் படையுடன் சீனம் சென்றார். ஆகசுடுத் திங்களில் தாகூ கோட்டை வீழ்ந்தது. கோட்டையினுள் கிடந்த பிணங்களைத் தாம் படம் எடுத்து முடிக்குமளவும் அகற்றலாகாது என அவர் வேண்டிக்கொண்டனர். அப்படங்களிலும் மாண்டு கிடப்போர் சீனரே. அடுத்த ஆண்டு இங்கிலாந்து சென்று, இந்திய, சீனப் படங்கள் 400 ஐ இலண்டன் வணிகர் ஒருவருக்கு விற்றார். அரசு தரும் ஊதியமன்று, வாங்குவோர் விருப்பமே அவரை இயக்கியது எனலாம். வீட்டிலிருந்தவாறே வெற்றியைக் கண்டு மகிழ விரும்பினோர் அந்நாட்டிற் பலர்.

எனினும், அவர் படங்களால் விளைந்த நன்மை ஒன்றும் உண்டு. கிளர்ச்சிக்குப்பின் இலக்னோ நகரின் பெரும்பகுதியை ஆங்கிலேயர் இடித்தனர். இடிபடுமுன் அந்நகர் இருந்த நிலையை இன்று ஆராய்வார்க்கு இவருடைய படங்களே பெருந்துணை.

1863 முதற் பல்லாண்டு சப்பானில் வாழ்ந்து, கையால் வண்ணம் தீட்டிய படங்களை விற்றார். 1866 இல் நேர்ந்த தீயில் அவர் படங்கள் அழிந்தன. 1871 இல் அமெரிக்கக் கடற்படையுடன் கொரியா சென்றார். அங்கும் வீழ்ந்த கொரியரைப் படம் எடுத்தார். பின்னர்ப் பருமாவை ஆங்கிலேயர் கைப்பற்றியதும், மாந்தளையில் கலைப்பொருட் கடை நடத்தினார். 1909 சனவரி 29 இல் புளோரன்சு நகரில் இறந்தார். உலகிற்கு எத்தனையோ பேர் இறப்பைக் காட்டிய அவருடைய இறப்புச் சான்று 2009 இல்தான் கண்டறியப்பட்டது.