தூக்கத்தை ஏமாற்றிய விமானி!

பரீட்சைக்கு முந்தின ராத்திரி படிக்கும்போது கண் சொக்கினால் என்ன செய்வீர்கள்? எழுந்து போய் முகம் கழுவிக்கொள்வீர்கள். கடலுக்கு மேலே, இருட்டில், தன்னந்தனியாக விமானம் ஓட்டுபவருக்குத் தூக்கம் வந்தால்?

அப்படி ஓட்டியவர் தான் வைலி போஸ்ட்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், 1898ம் ஆண்டு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதில் கண்காட்சி ஒன்றில் விமானத்தைப் பார்த்ததுமே பறக்கும் ஆசை வந்துவிட்டது. 1926ல், எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்த்தபோது, இரும்புத் துண்டு தெறித்து இடது கண் போயிற்று. அதற்குக் கிடைத்த நஷ்டஈட்டுப் பணத்தில் அவர் வாங்கியது என்ன தெரியுமா? ஒரு பழைய விமானம்!

ஒற்றைக் கண்ணால் தூரத்தைக் கணிப்பது கஷ்டம். எனவே, தூரத்து மரத்தைப் பார்த்து, இத்தனை அடி இருக்கும் என்று மனதில் கணக்கிடுவார். பிறகு நடந்து போய் அளந்து பார்ப்பார். கணிப்பு சரியாக வரும் வரை விடவில்லை.

1931ல், வழிகாட்டி ஹெரால்டு கேட்டியுடன், 'வின்னி மே' என்ற விமானத்தில் உலகைச் சுற்றினார். 8 நாள், 15 மணி, 51 நிமிடம் ஆனது. அடுத்து, தனியாகச் சுற்ற வேண்டும் என்று ஆசைப்பட்டார். இதுவரை யாரும் செய்யாத காரியம். வழி பார்க்கவும், விமானம் ஓட்டவும் ஒரே ஆள். எதிரி புயல் அல்ல, தூக்கம் தான் என்பதை போஸ்ட் புரிந்துகொண்டார்.

தினமும் ஒரே நேரத்தில் தூங்கும் பழக்கத்தை உடைத்தார். கண்ட நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூங்கப் பழகினார். விமானத்தைத் தானாக நேரே செலுத்தும் 'ஆட்டோ பைலட்' கருவியையும் பொருத்தினார். அது இயங்கும்போது சற்று கண் அயரலாம். ஆனால், அசந்து தூங்கிவிட்டால்? அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். ஸ்பானர் ஒன்றைக் கயிற்றால் விரலில் கட்டி, கையில் பிடித்துக்கொள்வார். தூங்கினால் பிடி தளரும், ஸ்பானர் விழும், விரல் வெடுக்கென்று இழுபடும், விழிப்பு வந்துவிடும்!

1933, ஜூலை 15ல் நியூயார்க்கில் இருந்து கிளம்பி, எங்கும் இறங்காமல் பெர்லின் போய்ச் சேர்ந்தார். தேவையான வரைபடங்கள் சில கையில் இல்லை. அவற்றுக்காகவே கோனிக்ஸ்பெர்க் நகரில் இறங்க வேண்டியதாயிற்று. ஆட்டோ பைலட்டும் அடிக்கடி மக்கர் செய்தது. அலாஸ்காவில் 'பிளாட்' என்ற சுரங்க ஊரில் இறங்கியபோது, விமானம் தலைகுப்புறச் சாய்ந்து, மூக்கில் சுழலும் விசிறி வளைந்துவிட்டது. வேறு விசிறி வந்து, ஆட்கள் பழுது பார்த்து முடிப்பதற்குள், போஸ்ட் தூங்கி எழுந்துவிட்டார். பாவம், எவ்வளவு களைப்போ!

ஜூலை 22ல் நியூயார்க் திரும்பினார். 7 நாள், 18 மணி, 49 நிமிடம்! தனியாக விமானத்தில் உலகைச் சுற்றிய முதல் மனிதர் அவரே.

பிறகு, மிக உயரத்தில் பறப்பதற்கான காற்றழுத்த உடையை உருவாக்கி, அணிந்து பறந்தார். 1935, ஆகஸ்ட் 15ல், நகைச்சுவை நடிகர் வில் ரோஜர்சுடன் அலாஸ்காவில் பறந்தார். அது 'வின்னி மே' அல்ல. இரண்டு விமானங்களின் பாகங்களைச் சேர்த்துச் செய்தது. மூக்குப் பக்கம் கனம் அதிகம். மேலே எழும்பியதும் இன்ஜின் நின்றது. விமானம் தலைகீழாக விழுந்து, இருவருமே இறந்தனர். போஸ்டுக்கு அப்போது வயது 36.

'வின்னி மே' விமானத்தை அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் பத்திரமாகப் பாதுகாத்து வருகிறது.