கொழும்புப் பூங்காவில் 187 மணித்தியாலங்கள்: ஆழிக்குமரன் ஆனந்தனின் சைக்கிளும் கடலும்

கனடாவில் இருக்கும் என் பெறாமகன் இந்தியாவின் மணாலியிலிருந்து லே நகரம் வரை சைக்கிளில் போக ஆயத்தமாகிறான். வழியில் வரும் தங்லங் லா என்ற கணவாய் கடல் மட்டத்திலிருந்து 5,300 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. யாழ்ப்பாணத்தானுக்கு மலை ஏது? எங்கள் கீரிமலைகூடப் பெயரில்தான் மலை. போய்ப் பார்த்தால் கடலோரக் கேணி.

தொலைபேசியில் அவன்தான் எனக்குப் பாடம் எடுத்தான். அந்த உயரத்தில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஒட்சிசன், இங்கே கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான். காலில் எவ்வளவு பலம் இருந்தாலும் உடம்பு அந்தக் காற்றுக்குப் பழகும்வரை பொறுக்க வேண்டும். 3,000 மீற்றருக்கு மேலே போனபின், படுக்கும் இடம் முந்தைய இரவைவிட 500 மீற்றருக்கு மேல் உயரக்கூடாது. தலையிடியும் குமட்டலும் வந்தால் மேலே ஏறக்கூடாது. சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ நடை தள்ளாடினாலோ உடனே கீழே இறங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிரே போய்விடலாம்.

கதைத்து முடிந்தபின் எனக்கு ஆழிக்குமரன் ஆனந்தனின் நினைவு வந்தது. மலைக்குப் போய்ப் பெயர் எடுத்தவர் அல்லர் அவர். ஆனால் மனித உடம்பு எதுவரை தாங்கும் என்பதைத் தன் உடம்பிலேயே அளந்து பார்த்தவர்.

விவேகானந்தன் செல்வகுமார் ஆனந்தன் 1943ஆம் ஆண்டு பிறந்தவர். வல்வெட்டித்துறையின் பிள்ளை. கடலோடிகளின் ஊர் அது. அங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. 1954இல் நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தபோது ஆனந்தனுக்குப் பத்து வயது. 1971இல் ஆனந்தன் அதே நீரிணையில் இறங்கினார். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய், திரும்பவும் தலைமன்னாருக்கே நீந்தி வந்தார். போகவும் வரவும் 51 மணித்தியாலங்கள். கடலின் மகன் என்று பொருள்படும் ஆழிக்குமரன் என்ற பெயர் அவருக்கு அப்படித்தான் நிலைத்தது.

தொழிலால் அவர் சட்டத்தரணி. கின்னஸ் புத்தகத்தில் ஏழு சாதனைகளுக்கு உரியவர். ஒற்றைக் காலில் 33 மணித்தியாலங்கள் நின்றார். குத்துச்சண்டைப் பயிற்சிப் பந்தை 136 மணித்தியாலங்களுக்கு மேல் விடாமல் குத்தினார். 1981இல் சென்னை மெரீனாவில் உள்ள அண்ணா நீச்சல் குளத்தில் 80 மணித்தியாலங்கள் நிலைகுத்தாக நீரில் மிதந்தார்.

ஆனால் அவரை எண்ணும்போது என் கண்ணில் நிற்பது சைக்கிள்தான். 1979ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் திகதி, கொழும்பு விகாரமகாதேவி பூங்காவைச் சுற்றி உழக்கத் தொடங்கியவர் 10ஆம் திகதிதான் நிறுத்தினார். 187 மணித்தியாலங்கள் 28 நிமிடங்கள். ஓடிய தூரம் 1,487 மைல், அதாவது ஏறக்குறைய 2,390 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஆறு தரம் போகிற தூரத்தை, ஒரு பூங்காவை விட்டு விலகாமல் ஓடி முடித்தார்.

கணக்குப் பார்த்தால் மணித்தியாலத்துக்கு எட்டு மைலுக்கும் சற்றுக் குறைவு. அது சந்தைக்குப் போகிறவரின் வேகம். அவர் வென்றது வேகத்தால் அல்ல, நிதானத்தால். இப்படியான நெடுநேர ஓட்டத்தில் கை விறைக்கும், இருக்கை புண்ணாக்கும், மூன்றாம் நாளளவில் நித்திரை கண்ணைக் கட்டி இல்லாததையெல்லாம் காட்டும். அதற்குள்ளும் ஒரே சீராக உழக்க வேண்டும். மலைக்கணவாய் ஏறுகிறவனுக்கும் அந்த நிதானம்தான் துணை என்கிறான் பெறாமகன்.

அந்தச் செய்தியால் உசாராகி எங்கள் வாசிகசாலை வெளியில் நாங்கள் பெடியளும் சுற்றத் தொடங்கினோம். பொழுதுபடுவதற்கு முன்பே நான் இறங்கிவிட்டேன். அன்று அது பெரிய வெட்கமாக இருந்தது.

கறுப்பு யூலை முடிந்து ஒரு வருடத்தில் ஆனந்தன் ஆங்கிலக் கால்வாயில் இறங்கினார். மிகக் குறுகிய இடத்தில் அது 33 கிலோமீற்றர் அளவுதான். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் போய் வந்தவருக்குத் தூரம் ஒரு பொருட்டல்ல. ஆனால் எங்கள் கடல் 28 பாகைச் சூட்டில் கிடப்பது. அந்தக் கால்வாய் ஆவணி மாதத்திலும் 18 பாகையைத் தாண்டுவது அரிது. இன்று அங்கே நீந்த விரும்புகிறவர்கள், 16 பாகைக்கு மேற்படாத நீரில் முதலில் 6 மணித்தியாலங்கள் நீந்திக் காட்ட வேண்டும். குளிரும் மலை உயரம் போலத்தான். மனவுறுதியைப் பார்த்து அது விலகி நிற்காது. உடம்பு பழக நாள் கேட்கும். புத்தியையும் மந்தமாக்குவதால், ஆபத்தை உணர வேண்டிய நேரத்தில் உணரவும் விடாது.

1984ஆம் ஆண்டு ஓகஸ்ட் 6ஆம் திகதி, அந்த முயற்சியில் ஆனந்தன் உயிரிழந்தார். வயது 41. அந்தக் கடைசி மணித்தியாலங்களுக்குத் தீர்ப்பெழுத நான் வரவில்லை. வல்வெட்டித்துறையில் இன்று அவர் பெயரில் நீச்சல் தடாகம் இருக்கிறது. பிள்ளைகள் அங்கே நீந்தப் பழகுகிறார்கள். அதைவிட நல்ல நினைவுச்சின்னம் அவருக்கு இருக்க முடியாது.

அவருக்குப் பிறகு எங்கள் எல்லோருடைய வாழ்க்கையும் சைக்கிளில்தான் ஓடியது. பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லை. விறகும், நோயாளியும், கலியாணப் பெண்ணும் சைக்கிளில் போனார்கள். மின்சாரம் இல்லாத இரவில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி டைனமோவில் வானொலி கேட்டோம். 1995 ஒக்ரோபர் 30 இரவு, மழைக்குள் அம்மாவைக் கரியரில் இருத்தி, நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு உருட்டிக்கொண்டு போனேன். சாவகச்சேரியில் மூன்று நாள் கழித்துத்தான் அவவுக்கு நெஞ்சுக்குள் நோ என்று தெரியவந்தது. முதல் இரவே தொடங்கியதாம். எல்லோரும் கஷ்டப்படும் நேரத்தில் தன்னுடையதைச் சொல்வானேன் என்று பேசாமல் இருந்திருக்கிறா. அடுத்த மாதம் போய்விட்டா.

தாங்குகிறவர்கள் என்று எங்களுக்கு ஒரு பேர் உண்டு. அந்தப் பெருமையில் நோவைச் சொல்லாமல் விடவும் பழகிவிட்டோம். இன்றும் எத்தனையோ பேர் உடம்புக்குள் சன்னத் துண்டோடும், நித்திரை இல்லாத இரவுகளோடும் வைத்தியரிடம் போகாமல் இருக்கிறார்கள். ஆனந்தனின் சைக்கிளிலிருந்து நான் எடுத்துக்கொள்வது நிதானத்தை. அவருடைய கடைசிக் கடலிலிருந்தும் அம்மாவின் நெஞ்சு நோவிலிருந்தும் எடுத்துக்கொள்வது, உடம்பு சொல்வதைக் கேட்க வேண்டும் என்பதை.

பெறாமகனிடம் ஆனந்தனின் கதையை முழுவதும் சொன்னேன். கணவாய் அங்கேயேதான் இருக்கும், தலையிடித்தால் மற்றவர்களிடம் மறைக்காமல் சொல்லிவிட்டு இறங்கு என்றும் சொன்னேன். வாசிகசாலை வெளியில் நான் பாதியில் இறங்கிய கதையையும் அவனுக்குச் சொன்னேன். இத்தனை வருடத்தில் அதை யாருக்கும் சொன்னது அன்றுதான் முதல் தரம்.