இனிப்பின் பெயரில் ஒரு பத்திரிகை

குட்டீஸ்... வீட்டில் பூதக்கண்ணாடி இருந்தால் எடுத்து வாருங்கள். இன்றைய செய்தித்தாளில் உள்ள ஏதாவது ஒரு புகைப்படத்தின் மேல் வைத்துப் பாருங்கள். கண், மூக்கு எதுவும் தெரியாது. வெறும் புள்ளிகள் தான் தெரியும். இருட்டான இடத்தில் குண்டுப் புள்ளிகள். வெளிச்சமான இடத்தில் பொடிப் புள்ளிகள். பூதக்கண்ணாடியை எடுத்து விட்டால், அத்தனை புள்ளிகளும் ஒன்று சேர்ந்து மறுபடியும் முகமாகி விடும்.

நூறு வருடங்களுக்கும் முன், இந்தப் புள்ளிகளோடு மல்லுக்கட்டிய ஒருவர் கல்கத்தாவில் இருந்தார். குழந்தைகளுக்குக் கதை எழுதி, படம் வரைந்து, பத்திரிகை நடத்தியவர் அவர். பெயர், உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி. கதை எழுதுகிறவருக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்கிறீர்களா? அதைத் தான் சொல்லப் போகிறேன்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. 1863ம் ஆண்டு, மைமன்சிங் மாவட்டத்தில் மசூவா என்ற கிராமத்தில் பிறந்தார். அந்த ஊர் இப்போது வங்கதேசத்தில் இருக்கிறது. அப்பா காளிநாத் ராய், சமஸ்கிருதம், அரபி, பாரசீகம் மூன்றும் கற்ற பண்டிதர். மகனுக்கு காமதாரஞ்சன் என்று பெயர் வைத்திருந்தார். உறவினரான ஜமீன்தார் ஹரிகிஷோர் ராய் சௌத்ரி, ஐந்து வயதுப் பையனாக இருந்த காமதாரஞ்சனைத் தத்து எடுத்துக் கொண்டார். தன் பெயருக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று, பையனின் பெயரை உபேந்திரகிஷோர் என்று மாற்றி விட்டார்.

அவருடைய அண்ணன் சாரதாரஞ்சனைப் பற்றி ஒரு வார்த்தை. கிரிக்கெட் பிரியர்களுக்காக! வங்காளத்தில் கிரிக்கெட்டைப் பரப்பியவர்களில் அவர் முக்கியமானவர். கல்லூரிப் பேராசிரியர், நீளத் தாடி வைத்திருந்தார். இங்கிலாந்தின் தாடிக்கார ஆட்டக்காரர் டபிள்யூ.ஜி. கிரேசோடு அவரை ஒப்பிட்டுப் பேசுவார்கள்.

தம்பிக்குப் பிடித்தவை பாட்டும் படமும். பள்ளிக்கூடத்தில் படிக்கும் போதே கையில் கிடைத்ததில் எல்லாம் வரைவார். ஒருமுறை, ஆங்கிலேய அரசின் பெரிய அதிகாரி ஒருவர் பள்ளியைப் பார்வையிட வந்தாராம். எல்லா மாணவர்களும் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க, ஒரு பையன் மட்டும் குனிந்து நோட்டில் ஏதோ செய்து கொண்டிருந்தான். ஆசிரியர்களுக்கு வியர்த்து விட்டது. அதிகாரி நோட்டை வாங்கிப் பார்த்தார். அதில் இருந்தது அவருடைய முகம்! கோபப்படாமல், படம் வரைவதை விட்டு விடாதே என்று பையனைத் தட்டிக் கொடுத்து விட்டுப் போனாராம். அந்தக் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை இது.

மேற்படிப்புக்குக் கல்கத்தா வந்தார். 1884ம் ஆண்டு பி.ஏ., முடித்தார். அதற்கு முன்பே, 1883ல், பிரமதாசரண் சென் என்பவர் குழந்தைகளுக்காக, 'சகா' என்ற மாதப் பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். சகா என்றால் தோழன். கல்லூரி மாணவராக இருந்த உபேந்திரகிஷோர் அதில் எழுத ஆரம்பித்தார். அன்று ஆரம்பித்தது, கடைசி வரை நிற்கவில்லை.

சில ஆண்டுகளில் திருமணம் நடந்தது. மனைவி விதுமுகி. மாமனார் துவாரகாநாத் கங்குலி, பெண் கல்விக்காகப் பாடுபட்டவர். அவருடைய இரண்டாவது மனைவி காதம்பினி, இந்தியாவின் முதல் பெண் மருத்துவர்களில் ஒருவர். உபேந்திரகிஷோர் தம்பதிக்கு ஆறு பிள்ளைகள். வீட்டில் எந்நேரமும் கதை, படம், வயலின் சத்தம் தான்.

இனி புள்ளி விஷயத்துக்கு வருவோம்.

குழந்தைகள் படிப்பதற்காக, எளிய வங்காளியில் ராமாயணம் எழுதினார் உபேந்திரகிஷோர். படங்களையும் அவரே வரைந்தார். அப்போது ஒரு படத்தை அச்சிட வேண்டுமென்றால், அதைப் பார்த்து மரக்கட்டையில் செதுக்க வேண்டும். செதுக்குகிறவரின் உளி போகிற போக்கில் தான் படமும் போகும். மெல்லிய கோடு தடித்து விடும். நிழல் எல்லாம் ஒரே கறுப்பாகி விடும். அவருடைய ராமாயணத்துக்கும் அந்தக் கதி தான். புத்தகம் கைக்கு வந்ததும் பிரித்துப் பார்த்தார். படங்கள் பாழாகி இருந்தன.

வேறு யாராக இருந்தாலும், குழந்தைகள் புத்தகம் தானே, இது போதும் என்று விட்டிருப்பார்கள். அவரால் விட முடியவில்லை. கோளாறு எங்கே என்று தேடிக் கொண்டு அச்சுத் தொழிலுக்குள்ளேயே நுழைந்து விட்டார். 1895ம் ஆண்டு, லண்டனில் இருந்த பென்ரோஸ் நிறுவனத்திடம் இருந்து கேமராவும், பிளாக் செய்யும் கருவிகளும் தருவித்தார். சொல்லிக் கொடுக்க ஆள் கிடையாது. புத்தகங்களைப் படித்து, வீட்டிலேயே சோதனை செய்து பார்த்து, தானாகவே கற்றுக் கொண்டார்.

அச்சு இயந்திரத்துக்கு ஒரு சங்கடம் உண்டு. கறுப்பு மை வைத்தால் கறுப்பு, வைக்காவிட்டால் வெள்ளை. நடுவில் உள்ள சாம்பல் நிறத்தை அதனால் தர முடியாது. ஆனால், புகைப்படத்தில் பாதிக்கு மேல் சாம்பல் தானே இருக்கும்! இதற்கு மேல்நாட்டில் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் போட்ட கண்ணாடித் திரை ஒன்றைக் கேமராவுக்குள் வைத்துப் படம் எடுத்தால், அந்தப் படம் புள்ளிகளாக உடைந்து விழும். அதை உலோகத் தகட்டில் பதித்து பிளாக் செய்வார்கள். இதற்கு, 'ஹாப்டோன்' என்று பெயர். நீங்கள் பூதக்கண்ணாடியில் பார்த்த புள்ளிகளுக்கு இது தான் மூதாதை.

திரைக்கும் படத்தகட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விட வேண்டும்? கேமராவின் துளை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? கொஞ்சம் பிசகினாலும் படம் கலங்கி விடும். பலர் இதைக் கை அனுபவத்தை வைத்துக் குத்துமதிப்பாகத் தான் செய்து வந்தார்கள். உபேந்திரகிஷோர் கணக்குப் போட்டார். ஒளி எப்படி அந்தக் கோடுகளின் இடுக்கில் நுழைந்து புள்ளியாகிறது என்று ஆராய்ந்து, சரியான இடைவெளிக்குக் கணித முறையில் வழி சொன்னார். திரையைச் சரியான இடத்தில் நிறுத்த ஒரு கருவியும் வடிவமைத்தார்.

அதை எழுதி லண்டனுக்கு அனுப்பினார். உலகம் முழுக்க அச்சுத் தொழிலில் இருப்பவர்கள் படிக்கும், 'பென்ரோஸ்' ஆண்டு மலரில், 1897 முதல் அவருடைய கட்டுரைகள் வரத் தொடங்கின. அவர் இங்கிலாந்துக்குப் போனதே இல்லை. கல்கத்தா வீட்டில் உட்கார்ந்து கொண்டே, கருவி செய்கிற ஊர்க்காரர்களுக்கே பாடம் எடுத்தார் என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்!

அவருடைய, 'யு.ராய்' நிறுவனத்தின் பிளாக்குகளுக்குப் பெரிய பத்திரிகைகளில் நல்ல மதிப்பு. வண்ணப் படங்களும் அச்சிட்டார். இதற்கு நடுவில், குழந்தைகளுக்கு மகாபாரதம் எழுதினார். ஆதிகால மிருகங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 1910ம் ஆண்டு வந்த, 'துன்துனிர் பொய்' தான் எல்லாருக்கும் செல்லம். துன்துனி என்றால் தையல்சிட்டு. கிழக்கு வங்காள கிராமங்களில், சாப்பிடாமலேயே தூங்கி விழும் பிள்ளைகளை விழிக்க வைக்க, வீட்டுப் பெண்கள் சொல்லும் கதைகளை அதில் திரட்டிக் கொடுத்தார். ராஜாவையே படாதபாடு படுத்தும் அந்தச் சின்னக் குருவியை வங்காளத்துப் பிள்ளைகள் இன்றும் மறக்கவில்லை.

கடைசியில், 1913ம் ஆண்டு ஏப்ரலில், வங்காளப் புத்தாண்டு மாதத்தில், அவருடைய சொந்தப் பத்திரிகை வெளிவந்தது. அதற்கு, 'சந்தேஷ்' என்று பெயர் வைத்தார். வங்காளியில் அதற்கு இரண்டு அர்த்தம். ஒன்று, செய்தி. இன்னொன்று, பால் திரித்துச் செய்யும் பிரபலமான இனிப்பு. எந்த அர்த்தத்தை எடுத்துக் கொண்டாலும், பிள்ளைகள் ஓடி வருவார்கள் அல்லவா? (இந்த இனிப்பை நினைத்தால் எனக்கே நாக்கில் நீர் ஊறுகிறது!)

ஆசிரியர் அவர் தான். அச்சிடுபவர் அவர் தான். பெரும்பாலும் எழுதுபவரும், படம் போடுபவரும் அவர் தான். புராணக் கதை, வேடிக்கைக் கதை, விஞ்ஞானம், பயணம், விடுகதை எல்லாம் இருந்தன. மற்ற பக்கங்களுக்கு வீட்டிலேயே ஆட்கள் இருந்தார்கள். மகள்கள் எழுதினார்கள், தம்பிகள் எழுதினார்கள். நில அளவைத் துறையில் வேலை பார்த்த தம்பி பிரமதாரஞ்சன், காடு காடாகச் சுற்றிய அனுபவங்களை எழுதினார். மூத்த மகன் சுகுமார் அப்போது இங்கிலாந்தில், அப்பாவின் அதே அச்சுக் கலையைப் படித்துக் கொண்டிருந்தார். அந்த ஆண்டே ஊர் திரும்பி, சந்தேஷில் சேர்ந்து கொண்டார்.

கர்பார் ரோட்டில், 100ம் எண் வீட்டை உபேந்திரகிஷோர் தானே வடிவமைத்துக் கட்டினார். ஒரே கட்டடத்தில் வீடு, அச்சகம், பத்திரிகை எல்லாம். 1915ம் ஆண்டு சந்தேஷில் ஒரு கதை எழுதினார். சுருதி சேராமல் பாடும் கூபி, தாளம் தப்பி மேளம் அடிக்கும் பாகா, இருவரையும் ஊரை விட்டே துரத்தி விடுகிறார்கள். காட்டில் பேய்களின் ராஜா அவர்களுக்கு வரம் கொடுக்கிறார். பிறகு என்ன, ஒரே கும்மாளம் தான்.

இதை எழுதும் போது அவருக்கு உடம்பு சரியில்லை. நீரிழிவு நோய். அதற்கு மருந்தான இன்சுலின், 1922ம் ஆண்டு தான் முதன்முதலாக ஒரு நோயாளிக்குக் கொடுக்கப்பட்டது. அதுவரை காத்திருக்க அவருக்கு வழியில்லை. 1915 டிசம்பர் 20ம் தேதி, 52 வயதில் காலமானார். சந்தேஷை அவர் நடத்தியது மூன்று ஆண்டு கூட இல்லை.

சுகுமார் ராய் ஆசிரியரானார். அவருடைய கோமாளித்தனமான பாட்டுகள் வங்காளத்தையே சிரிக்க வைத்தன. ஆனால், அவரும் 1923ல், 35 வயதில், காலா அசார் என்ற காய்ச்சலில் இறந்து போனார். அப்போது அவருடைய ஒரே மகனுக்கு இரண்டு வயது.

அந்தப் பையன் சில ஆண்டுகள் கர்பார் ரோடு வீட்டிலேயே வளர்ந்தான். எதையாவது கிறுக்கி எடுத்துக் கொண்டு அச்சகத்துக்குப் போவான். இது சந்தேஷில் வர வேண்டும் என்பான். கேமரா வேலை பார்த்தவர் பெரிய மனிதரிடம் பேசுவது போலத் தலையாட்டி விட்டு, அந்தக் கிறுக்கலைக் கேமராவின் முன் வைப்பார். பையனைத் தூக்கிப் பிடித்து, கண்ணாடியில் படம் தலைகீழாகத் தெரிவதைக் காட்டுவார். பிறகு தொழில் நொடித்தது. சந்தேஷ் நின்றது. அச்சகம் கை விட்டுப் போனது. வீட்டையும் காலி செய்தார்கள். அம்மாவோடு மாமா வீட்டுக்குப் போய் விட்டான் பையன்.

அவன் பெயர், சத்யஜித் ரே. ஆமாம், உலகப் புகழ் பெற்ற சினிமா இயக்குனரே தான். ராய், ரே இரண்டும் ஒரே பெயர் தான்.

1961ம் ஆண்டு, கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயோடு சேர்ந்து, சத்யஜித் ரே சந்தேஷை மறுபடியும் தொடங்கினார். அது வரை அவர் பிள்ளைகளுக்காகக் கதை எழுதியவர் அல்ல. பத்திரிகைக்குப் பக்கம் வேண்டுமே என்று எழுத உட்கார்ந்தார். விஞ்ஞானி பேராசிரியர் ஷோங்குவும், துப்பறியும் பேலுடாவும் அப்படித் தான் பிறந்தார்கள். சிறுவனாக இருந்த மகன் சந்தீப், தனக்குப் பிடித்த மாதிரி ஒரு சினிமா எடுக்கச் சொல்லிக் கேட்ட போது, தாத்தாவின் கூபியும் பாகாவும் ஞாபகத்துக்கு வந்தார்கள். 1969ல் அந்தப் படம் வெளிவந்து சக்கைப்போடு போட்டது.

சினிமா வேலை எவ்வளவு இருந்தாலும், 1992ல் இறக்கும் வரை சத்யஜித் ரே சந்தேஷை விடவில்லை. அட்டைப் படம் வரைந்தார்; கதைகளைத் திருத்தினார்; தன்னுடைய கதைகளுக்குத் தாத்தாவைப் போலவே தானே படமும் போட்டார்.